பாலம் ஏற மறுத்த கார்

போன சனிக்கிழமை காலை ஆறே முக்கால் மணிக்கு, ஒரு ரயில்வே மேம்பாலத்தின் பாதி ஏற்றத்தில், என் மருமகள் சொன்னது அத்தனையும் உண்மை என்று எனக்குத் தெரிந்தது.

தெரிந்துகொண்ட இடம்தான் சரியில்லை. பின்னால் மணல் லாரி.

கொஞ்சம் முன்னாலிருந்து சொல்கிறேன்.

ஸ்ராவணி தெலுங்குப் பெண். கல்யாணமாகி நாலு வருடத்தில் தமிழ் நன்றாகவே பேசுகிறாள். மகனுக்கு வேலை புனேயில். மாதம் இரண்டு முறை வந்து போவான். அவள் எங்களோடு ஹைதராபாத் தார்நாகாவில் இருக்கிறாள். வீட்டின் கீழ்த்தளத்தில் பெரிய அடுப்புகள் வைத்து, மதியச் சாப்பாடு சமைத்து அனுப்புகிறாள். இரண்டு ஹாஸ்டல்கள், அப்புறம் அக்கம்பக்கத்தில் ரிட்டயரான விஞ்ஞானிகளின் வீடுகள். பிள்ளைகள் வெளிநாட்டில், வீட்டில் இரண்டே பேர், அதில் ஒருவருக்கு முழங்கால் வலி — அப்படிப்பட்ட வீடுகள். சிலர் இன்சுலின் போட்டுக்கொண்டு காத்திருப்பார்கள். பன்னிரண்டரைக்கு டப்பா வந்தாக வேண்டும். பன்னிரண்டு நாற்பது ஆனால் போன் வரும்.

இதற்காக வாரத்தில் மூன்று நாள் அதிகாலையில் போவன்பள்ளி மார்க்கெட்டுக்குப் போய் வருவாள். எங்கள் பழைய டீசல் காரின் பின் சீட்டை மடக்கிவிட்டால் வெங்காயம், உருளை, முட்டைக்கோஸ் என்று ஒரு சின்ன சந்தையே உள்ளே ஏறிவிடும்.

மூன்று மாதம் முன்பு ஒரு நாள் வந்து சொன்னாள்.

"மாமய்யா, வண்டி இழுக்கல."

மாமனாரைத் தெலுங்கில் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"எங்கே இழுக்கல?"

"ஏத்தத்துல. திடீர்னு பவரே இல்ல."

"எந்த கியர்ல ஏறினே?"

"மூணு."

"ரெண்டுக்கு மாத்தணும். லோடு இருக்கில்ல?"

"மாத்தினேன் மாமய்யா. அப்பவும்..."

அதற்கு மேல் நான் கேட்கவில்லை. முப்பது வருடமாகக் கார் ஓட்டுகிறேன் என்று, வாரா வாரம் எழுதும் இந்தப் பக்கத்திலேயே எத்தனை தடவை பீற்றிக்கொண்டிருக்கிறேன்? உங்களுக்கே தெரியும். சாயங்காலம் சாவியை எடுத்துக்கொண்டு போய், பெட்ரோல் பங்க் வரை ஓட்டிவிட்டு வந்தேன். வண்டி வெண்ணெயாகப் போயிற்று.

"வண்டியில ஒண்ணும் இல்ல," என்று தீர்ப்பு சொன்னேன். "கியரைக் கொஞ்சம் பாத்துப் போடு."

பத்து நாள் கழித்து மறுபடியும் வந்தாள். இந்தத் தடவை ஒரு சத்தம் வருகிறதாம். உஸ்ஸென்று. அதற்குப் பிறகுதான் பவர் போகிறதாம். மறுபடியும் நான் ஓட்டினேன். எனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. ரேடியோவில் பழைய பாட்டு ஓடிக்கொண்டிருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மகன் போனில், "அப்பா சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்றான். என் மனைவி பத்மா மட்டும், "அந்தப் பொண்ணு எதுக்குங்க இல்லாததைச் சொல்லப் போறா?" என்று கேட்டாள். நான் நியூஸ் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது தடவைக்குப் பிறகு ஸ்ராவணி சொல்வதை நிறுத்திவிட்டாள்.

கோளாறே நின்றுவிட்டது என்று நான் எடுத்துக்கொண்டேன்.

போன சனிக்கிழமை ஹாஸ்டலில் ஏதோ விழா. கூடுதலாக எண்பது சாப்பாடு. மூட்டை பிடிக்க ஆள் வேண்டும் என்று நானும் மார்க்கெட்டுக்குக் கூடப் போனேன். திரும்பும்போது கார் கழுத்து வரை நிறைந்திருந்தது. கண்ணாடி வழியாகப் பார்த்தால் சுரைக்காய்தான் தெரிந்தது. ஸ்ராவணிதான் ஓட்டினாள். பாலத்துக்குப் போகும் ரோட்டில் திரும்பாமல் நேராகப் போனாள்.

"எதுக்கும்மா இப்படிச் சுத்திக்கிட்டுப் போறே?"

"இந்த ரூட் நல்லா இருக்கும் மாமய்யா."

"பாலத்து மேல போனா பத்து நிமிஷம் மிச்சம். நிறுத்து, நான் ஓட்டறேன். லோடு வண்டியை ஏத்தத்துல எப்படி ஏத்தணும்னு காட்டறேன் வா."

ஆமாம். இந்த வாக்கியத்தைச் சொன்னது நான்தான். அச்சிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

அவள் இறங்கி இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்தாள். சீட் பெல்ட்டை இழுத்து மாட்டிவிட்டு, ஒரு தடவை அதைச் சுண்டிப் பார்த்துக்கொண்டாள்.

ஏற்றம் ஆரம்பித்தது. மூன்றாவது கியர். ஆக்ஸிலரேட்டரை அழுத்தினேன். கால்வாசி தூரம் ஜோராக ஏறினோம். "பாத்தியா..." என்று ஆரம்பித்தேன்.

உஸ்ஸ்ஸ்.

எங்கோ இடது பக்கம், கீழேயிருந்து. குக்கர் விசில் வருவதற்கு முந்தைய சத்தம் மாதிரி. அவ்வளவுதான். வண்டியின் உயிரை யாரோ உருவிவிட்டதுபோல் இருந்தது. ஆக்ஸிலரேட்டரைத் தரை வரை மிதித்தேன்... ஒன்றுமில்லை. நாற்பதில் இருந்த முள் முப்பதுக்கு வந்தது. இருபதுக்கு வந்தது. டேஷ்போர்டில் மஞ்சளாக ஒரு லைட். பக்கவாட்டுக் கண்ணாடியில் கறுப்புப் புகை. புகைக்குள்ளிருந்து ஒரு லாரியின் முகம், ஹார்னை விடாமல் அடித்துக்கொண்டு பெரிதாகிக்கொண்டே வந்தது.

எனக்குக் கை கால் ஓடவில்லை. முப்பது வருட அனுபவம் எங்கே போயிற்று? அதையும் யாரோ உருவிவிட்டார்கள்.

"மாமய்யா." குரலில் பதற்றமே இல்லை. "ஹஸார்ட் லைட் போடுங்க."

நான் வைப்பரைப் போட்டேன்.

அவளே கை நீட்டி ஹஸார்ட் பட்டனை அழுத்தினாள். ஜன்னல் கண்ணாடியை இறக்கி, தலையையும் தோளையும் வெளியே நீட்டி, லாரிக்காரனுக்கு வலப்பக்கம் ஒதுங்கிப் போகும்படி கை காட்டினாள்.

"ரெண்டாவது கியர் போடுங்க. இடது பக்கம் ஒதுக்குங்க. மெதுவா... நிறுத்துங்க. ஹாண்ட் பிரேக். இப்ப ஆஃப் பண்ணுங்க."

லாரி ஒரு சாண் இடைவெளியில் எங்களைத் தாண்டிப் போயிற்று. டிரைவர் தெலுங்கில் ஏதோ சொன்னான். எனக்குத் தெலுங்கு புரியும். புரியாமல் இருந்திருக்கலாம்.

"பத்து எண்ணுங்க மாமய்யா. ம்... இப்ப ஸ்டார்ட் பண்ணுங்க. ரெண்டாயிரம் ஆர்பிஎம் தாண்ட விடாதீங்க. மெதுவா ஏறிடும்."

ஏறியது. கட்டெறும்பு சர்க்கரைக் கட்டியை இழுப்பதுபோல, ஆனால் ஏறியது. இறங்கியதும் ஒரு டீக்கடை ஓரமாக நிறுத்தினேன். டீ வாங்கி வந்தாள்.

"உனக்கு எப்படிம்மா இதெல்லாம் தெரியும்?"

"பழகிடுச்சு மாமய்யா," என்றாள்.

மெதுவாகத்தான் மற்றதெல்லாம் வெளியே வந்தது. இரண்டு மாதமாக அவள் அந்தப் பாலத்தின் மேல் ஏறவே இல்லை. சமதளமான ரோடாகப் பார்த்துச் சுற்றிக்கொண்டு வந்திருக்கிறாள். முழு லோடு ஏற்றாமல், பாதிப் பாதியாக இரண்டு நடை அடித்திருக்கிறாள். அதற்காக ஐந்தரைக்குக் கிளம்புவதை விட்டுவிட்டு நாலரைக்கே கிளம்பியிருக்கிறாள். பாவம், ரொம்ப சுறுசுறுப்பான பெண் என்று நான் நண்பர்களிடம் பெருமையடித்துக்கொண்டது இதைத்தான்!

அன்று மதியம் டப்பாக்களை ஆட்டோவில் அனுப்பிவிட்டு, இரண்டு பேருமாக ஒரு பெரிய சர்வீஸ் சென்டருக்குப் போனோம். கண்ணாடிக் கட்டடம், ஏ.சி., காப்பி. காரில் ஒரு வயரைச் சொருகி கம்ப்யூட்டரைப் பார்த்தார்கள். டர்போவில் பிரஷர் கம்மி என்று வந்தது.

"டர்போ போயிடுச்சு ஸார்," என்றார் அங்கிருந்த இளைஞர். "முழுசா மாத்தணும். பார்ட் வர ரெண்டு வாரம் ஆகும். அதுவரைக்கும் வண்டியை எடுக்காதீங்க."

இரண்டு வாரம். ஸ்ராவணியின் முகம் சுருங்கிவிட்டது. மார்க்கெட் இல்லை என்றால் சமையல் இல்லை. சமையல் இல்லை என்றால், அந்த வீடுகளெல்லாம் வேறு யாரையாவது பார்த்துக்கொள்ளும். பசி இரண்டு வாரம் காத்திருக்குமா?

ஆனாலும் கேட்டாள். "டர்போ போயிருந்தா, ஆஃப் பண்ணி ஸ்டார்ட் பண்ணினா எப்படி சரியாகுது?"

இளைஞர் அவளைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துப் பதில் சொன்னார். "கம்ப்யூட்டரே சொல்லுது ஸார்."

எனக்குக் கோபம் வந்தது. உடனே அடங்கிவிட்டது. மூன்று மாதமாக நான் செய்ததைத்தான் அவர் மூன்று நிமிடத்தில் செய்தார்.

வண்டியை அங்கே விடாமல், மெதுவாக ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தோம். பத்மாதான் அருள்தாஸைப் பற்றிச் சொன்னாள். மெட்டுகூடாவில் ஷெட் வைத்திருக்கும் மெக்கானிக். தாத்தா காலத்தில் ரயில்வே ஒர்க்‌ஷாப் வேலைக்காக இங்கே வந்த தமிழ்க் குடும்பம். நாற்பது வயது இருக்கும். பேசுவது தமிழ்தான், நடுநடுவே ஹைதராபாத் உருது வந்து எட்டிப் பார்க்கும்.

திங்கட்கிழமை காலை அவர் ஷெட்டில் நான் ஆரம்பித்தேன். "அது வந்து அருள், என்ன பிரச்னைன்னா..."

"ஒரு நிமிஷம் ஸார். வண்டி யார் ஓட்றது?"

"மருமகள்."

"அப்ப அவங்க சொல்லட்டும். சொல்லுங்க சிஸ்டர். எப்ப வருது?"

ஸ்ராவணி அவரை ஒரு விநாடி பார்த்தாள். பிறகு போனை எடுத்தாள். எழுதியே வைத்திருந்தாள்!

"மூணாவது கியர்ல, ரெண்டாயிரம் ஆர்பிஎம் தாண்டினா வருது. லோடு இருக்கணும், ஏத்தமா இருக்கணும். காலி வண்டியில வராது. முதல்ல உஸ்ஸுனு ஒரு சத்தம், இடது பக்கம், கீழேர்ந்து. அப்புறம் கறுப்புப் புகை, பவர் போயிடும். ஆஃப் பண்ணி ஸ்டார்ட் பண்ணினா சரியாயிடும். எஞ்சின் ஓடிக்கிட்டு சும்மா நின்னா சத்தமே இல்ல."

அருள்தாஸ் என் பக்கம் திரும்பினார். "பாதி வேலையை அவங்களே முடிச்சுட்டாங்க ஸார்."

"டர்போவை மாத்தணும்னு சர்வீஸ் சென்டர்ல..."

"கைக்கு?" என்றார். எதற்கு என்று அர்த்தம். "கம்ப்யூட்டர் பொய் சொல்லல ஸார். காத்து கம்மியா வருதுன்னு சொல்லுது. அந்தக் காத்து எங்க போகுதுன்னு அதுக்குத் தெரியாது. அதை நாமதான் தேடணும்."

டர்போ என்பது என்ன? இந்த வயதில் எனக்கே அன்றுதான் புரிந்தது. எஞ்சினிலிருந்து வெளியேறும் புகை ஒரு சின்ன விசிறியைச் சுழற்றுகிறது. அதே அச்சில் இன்னொரு விசிறி. அது வெளிக்காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளுகிறது. காற்று அதிகம், பலம் அதிகம். அமுக்கிய காற்று ரப்பர் குழாய்கள் வழியாகப் போகிறது. வழியில் எங்கே கசிந்தாலும் எஞ்சினுக்கு மூச்சு முட்டும். அப்போது காரின் கம்ப்யூட்டர், மேலும் கெடாமல் இருக்கப் பவரைக் குறைத்துவிடும். ஆஃப் செய்து ஸ்டார்ட் செய்தால் பழையதை மறந்துவிட்டு மறுபடி முயன்று பார்க்கும்.

அருள்தாஸ் சுலபமானதிலிருந்து ஆரம்பித்தார். ஏர் ஃபில்டரைக் கழற்றித் தட்டினார். சுத்தம். மெல்லிய குழாய்களை ஒவ்வொன்றாகத் தடவினார். சரி. பிறகு டர்போவின் வாயைத் திறந்து, உள்ளே விரல் விட்டு விசிறியைச் சுற்றினார். அசைத்துப் பார்த்தார்.

"சிஸ்டர், நீங்களே சுத்திப் பாருங்க. எங்கயாவது உரசுதா?"

அவள் சுற்றினாள். "இல்ல. நல்லா சுத்துது."

"ஹவ், ஆமா. டர்போ ராஜா மாதிரி இருக்கு. இதைப் போய் மாத்தறதாவது... நக்கோ, வேணாம்."

அடுத்துதான் கூத்து. ஒரு மக்கில் தண்ணீர் எடுத்து, ஷாம்பு பாக்கெட்டைக் கிழித்து ஊற்றிக் கலக்கினார். காற்று போகும் வழியை ஒரு முனையில் அடைத்து, கம்ப்ரெஸரிலிருந்து மெதுவாகக் காற்றை விட்டார். மற்றதெல்லாம் சைக்கிள் டியூபில் பஞ்சர் பார்ப்பதுதான். ஷாம்பு தண்ணீரைக் குழாய்களின் மேல் தெளித்துக்கொண்டே போனார்.

ஒன்றுமில்லை.

ஸ்ராவணி குனிந்தாள். "இன்னும் கீழ. இடது பக்கம்."

அருள்தாஸ் தரையில் மல்லாந்து படுத்து, வண்டிக்கு அடியில் போனார். தெளிக்கும் சத்தம் கேட்டது. அப்புறம் ஒரு நிமிடம் சத்தமே இல்லை. எனக்குள் அந்த இரண்டு வாரம் எட்டிப் பார்த்தது.

"சிஸ்டர்!" அடியிலிருந்து குரல் வந்தது. "வாங்க, வந்து பாருங்க!"

சுடிதார் அழுக்காவதைப் பற்றி யோசிக்காமல் அவளும் குனிந்து எட்டிப் பார்த்தாள். நானும் முழங்கால் வலியோடு மண்டியிட்டேன். தடிமனான ஒரு ரப்பர் குழாயின் அடிப்பக்கத்திலிருந்து குமிழ் குமிழாக நுரை பொங்கிக்கொண்டிருந்தது.

குழாயைக் கழற்றி என் கையில் கொடுத்தார். பார்த்தால் ஒன்றுமே தெரியவில்லை. "வளைச்சுப் பாருங்க ஸார்," என்றார். வளைத்தேன். கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு விரிசல் வாயைத் திறந்தது. விட்டேன். மூடிக்கொண்டது. எப்போதோ சர்வீஸில் யாரோ ஒரு கிளிப்பைத் திரும்ப மாட்டாமல் விட்டதால், குழாய் ஒரு கம்பியில் உரசி உரசியே தேய்ந்திருக்கிறது. சும்மா நின்றால் மூடியிருக்கும். சுமை ஏறி, காற்றின் அழுத்தம் கூடினால்தான் திறக்கும்.

நான் காலி வண்டியில் பெட்ரோல் பங்க் வரை போய்விட்டு வந்து தீர்ப்பு சொன்னதை நினைத்துக்கொண்டேன்.

ராணிகஞ்ச் ஸ்பேர் பார்ட்ஸ் கடைகளில் புதுக் குழாய் அன்றைக்கே கிடைத்தது. மாலை நான்கு மணிக்கு மாட்டி முடித்தாகிவிட்டது. ஒரு ரவுண்ட் போய்ப் பார்க்கலாமா என்றேன்.

"காலியாவா?" என்று சிரித்தார் அருள்தாஸ். ஷெட்டில் கிடந்த இரண்டு பழைய கியர் பாக்ஸ்களையும் நாலு டயர்களையும் பின்னால் ஏற்றினார். மிச்சமிருந்த இடத்தில் அவரும், முன் சீட்டில் நானுமாக இடுக்கிக்கொண்டு உட்கார்ந்தோம். "பாலத்துக்கு விடுங்க சிஸ்டர்."

பாலம் வந்தது. மூன்றாவது கியர். என் மடியில் ஒரு டயர். காதை முழுசாகத் தீட்டிக்கொண்டேன். ஸ்ராவணி ஆக்ஸிலரேட்டரை அழுத்தினாள். ஆர்பிஎம் முள் ஆயிரத்தைந்நூறு... இரண்டாயிரம்...

அந்த இடத்தில் அவள் கால் தானாகப் பின்வாங்கியதை நான் பார்த்தேன். மூன்று மாதப் பழக்கம்.

"மிதிங்க சிஸ்டர்," என்றார் அருள்தாஸ். "பயப்படாதீங்க. நல்லா மிதிங்க."

மிதித்தாள். இரண்டாயிரத்து ஐந்நூறு. உஸ் இல்லை. புகை இல்லை. மஞ்சள் லைட் இல்லை. வண்டி எங்களையெல்லாம் சீட்டோடு பின்னால் அழுத்திவிட்டு விர்ரென்று ஏறியது. உச்சிக்கு வந்ததும் ஸ்ராவணி சிரித்தாள். வாய்விட்டு, ஸ்டியரிங்கைத் தட்டிக்கொண்டு. அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாள் ஆயிற்று என்று யோசித்தேன். கணக்கு எனக்குப் பிடிக்கவில்லை.

நானும் சிரித்தேன். நெஞ்சில் இருந்த ஒரு மூட்டை இறங்கிய மாதிரி இருந்தது.

பாலத்தின் இறக்கத்தில் அருள்தாஸ் தலையைச் சொறிந்தார். "ஒண்ணு மட்டும் சொல்லணும் ஸார். கிளட்ச் கொஞ்சம் தேஞ்சிருக்கு. சிஸ்டர் ஓட்டறதைப் பாத்தேன், அவங்க இல்ல. வேற யாரோ கிளட்ச் மேலயே கால் வெச்சு ஓட்றாங்க."

ஸ்ராவணி ரோட்டை மிகுந்த அக்கறையோடு பார்த்துக்கொண்டிருந்தாள். மரியாதை தெரிந்த பெண்.

அருள்தாஸை ஷெட்டில் விட்டுவிட்டு வந்து, வீட்டு வாசலில் வண்டி நின்றதும் நான் உடனே இறங்கவில்லை. வாரா வாரம் உங்களுக்கு இத்தனை சொற்கள் எழுதுகிறவன். அந்த ஒரு சொல்லுக்கு மனசுக்குள் இரண்டு தடவை ஒத்திகை பார்க்க வேண்டியிருந்தது.

"ஸாரிம்மா. நீ சொன்னப்பவே நான் கேட்டிருக்கணும்."

"பர்வாலேது மாமய்யா." பரவாயில்லையாம். சாவியை எடுக்காமலே தொடர்ந்தாள். "வண்டி கெட்டுப்போனதுகூட எனக்குப் பெரிசா தெரியல. நீங்க, அவரு, எல்லாரும் ஒண்ணுமில்லைன்னு சொன்னீங்களா... எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. நெஜமாவே எனக்கு ஓட்டத் தெரியலியோ, இல்லாத சத்தம்தான் எனக்குக் கேக்குதோன்னு. இன்னிக்கு அந்த நுரையைப் பாத்ததும் அழுகையே வந்துடுச்சு."

விரிசல் இருக்கிறது என்று தெரிந்ததற்கு ஒருத்தி சந்தோஷத்தில் அழுதிருக்கிறாள். கார் சரியான நிம்மதி எங்களுக்கு. தான் சொன்னது சரிதான் என்ற நிம்மதி அவளுக்கு. இரண்டில் எது பெரியது என்று கேட்டால், நான் இப்போதெல்லாம் தீர்ப்பு சொல்வதில்லை.

நேற்று மார்க்கெட் நாள். ஐந்தரைக்குத்தான் கிளம்பினாள். முழு லோடு, ஒரே நடை, பாலத்து மேலேயே வந்திருக்கிறாள். டப்பாக்கள் பன்னிரண்டு இருபதுக்கே போய்விட்டன. சாப்பாடு சீக்கிரம் வந்துவிட்டது என்று ஒரு பெரியவர் போன் செய்து புகார் சொன்னார்.

புகாரைப் பொறுமையாக, கடைசி வரை கேட்டேன்.